ஆர்.சி. புக் இல்லாத காரைத் தானம் கொடுக்க முடியுமா?

அவசரத்தில் படிப்பவர்களுக்கு முதலில் பதில்: முடியும். ஆனால் தொலைந்த ஆர்.சி.யை மீட்டு, பெயரை மாற்றிய பிறகுதான். அதைத் தாண்டிக் குதிக்க ஒரு குறுக்குவழி இருப்பதாகச் சொல்வார்கள். நானும் அதில் கால் வைக்கப் பார்த்தேன். ஏன் வைக்கவில்லை என்பதற்காகத் தேடிப் படித்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

அப்பாவின் மாருதி ஆம்னி வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில் நின்றது. 2008 செப்டம்பரில் எடுத்த வண்டி, டிஎன் 55. ஆலங்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ராத்திரி யாருக்காவது பாம்புக்கடி, நெஞ்சுவலி என்றால் அந்த வண்டிதான் புதுக்கோட்டைக்குப் போகும். அங்கே கைவிரித்தால் தஞ்சாவூர் மெடிக்கல். 2024 தொடக்கத்தில் அப்பா தவறிவிட்டார். ஆறேழு மாதம் கழித்து அம்மா சொன்னார்: "அத எடைக்குப் போட்டுறாதப்பா. யாருக்காவது ஒதவட்டும்."

மாவட்டத்திலேயே ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாம் என்று போய்ப் பேசினேன். நடத்துகிற பெரியவர் நேரில் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கதவை இழுத்துச் சாத்திப் பார்த்தார். "வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆர்.சி. எங்க?"

ஆர்.சி. கஜாவோடு போயிருந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்த அந்தப் புயலை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தென்னையும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. எங்கள் வீட்டு ஓடுகள் பறந்து, அப்பாவின் மேசை டிராயரில் இருந்த காகிதமெல்லாம் நனைந்து கூழாகிவிட்டது. பட்டா நகல், ரேஷன் கார்டு எல்லாம் திரும்ப வாங்கினோம். ஆர்.சி.யை அப்பா வாங்கவே இல்லை. இன்சூரன்ஸ் காகிதத்தைக் காட்டியே காலத்தை ஓட்டிவிட்டார்.

"ஆர்.சி. இல்லாத வண்டி எங்களுக்கு வேணாம் தம்பி, மன்னிச்சுக்கங்க" என்று பெரியவர் கிளம்பிவிட்டார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இலவசமாகக் கொடுப்பதற்கு இவ்வளவு கேள்வியா? ஊரில் வண்டி வாங்கி விற்கும் ஒருவர் வழி சொன்னார்: "அண்ணே, நூறு ரூபா பத்திரத்துல தானம்னு எழுதி சாவியக் குடுத்துருங்க. முடிஞ்சுது."

முடிந்துவிடுமா?

யார் ஓனர்?

தானம் என்ற அளவில் அவர் சொன்னதில் பாதி சரி. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 123ஆம் பிரிவுப்படி, அசையும் பொருளைத் தானமாகக் கொடுக்கப் பத்திரப்பதிவு கட்டாயமில்லை. பொருளைக் கையில் ஒப்படைத்தாலே போதும். ஒரு பசுமாட்டையோ தையல் மெஷினையோ இப்படிக் கொடுத்தால் கதை அதோடு முடிந்தது.

கார் விஷயத்தில் இன்னொரு சட்டம் குறுக்கே வருகிறது. அமெரிக்காவில் காருக்கு இரண்டு காகிதம். 'டைட்டில்' என்பது வண்டி யாருடையது என்று சொல்லும். பதிவுச் சான்று அது ரோட்டில் ஓட அனுமதி. அங்கே பழைய காரை அறக்கட்டளைக்குக் கொடுப்பது சாதாரண வழக்கம். டைட்டில் தொலைந்துபோனால் மாநில அலுவலகத்தில் நகல் வாங்கிக் கொடுப்பார்கள். இங்கிலாந்தில் தரும் பதிவுப் புத்தகம், தான் உரிமைக்கு ஆதாரம் இல்லை என்று தன் மேலேயே அச்சடித்து வைத்திருக்கிறது.

நமக்கு ஒரே காகிதம்தான், ஆர்.சி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு, 'உரிமையாளர்' என்பவர் யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர் என்கிறது. (மைனர் பெயரில் இருந்தாலோ கடனில் எடுத்த வண்டியாக இருந்தாலோ மட்டும் விதி கொஞ்சம் மாறும்.) சாவி யார் கையில் இருக்கிறது, பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் இந்த வரையறைக்குள் வராது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 'நவீன்குமார் எதிர் விஜய்குமார்' வழக்கைப் படித்துப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 6 அன்று தீர்ப்புச் சொன்னது. ஒருவர் 2007இல் தன் காரை விற்றுவிட்டார். அது கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டே இருந்தது. ஆர்.சி.யில் மட்டும் யாரும் பெயர் மாற்றவில்லை. 2009இல் அந்தக் கார் பின்னால் வரும்போது மோதி ஒரு பையன் இறந்துபோனான். வண்டிக்கு இன்சூரன்ஸும் இல்லை. இழப்பீடு யார் தருவது? கடைசியாக வண்டியை வைத்திருந்தவர்தான் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, ஆர்.சி.யில் பெயர் உள்ள முதல் ஆள்தான் பொறுப்பு என்றது. விபத்தில் பாதிக்கப்பட்டவர் வண்டி எத்தனை கை மாறியது என்று தேடி அலைய வேண்டியதில்லை என்பது நீதிமன்றத்தின் வாதம். யோசித்தால் நியாயம்தான்.

இதை எங்கள் ஆம்னியில் பொருத்திப் பார்த்தேன். நூறு ரூபாய் பத்திரத்தை நம்பிச் சாவியைக் கொடுத்திருந்தால், இல்லத்தின் டிரைவர் எங்கோ யார் மேலோ மோதும் நாளில், பதிவேட்டில் இருப்பது இறந்துபோன அப்பாவின் பெயர். கேள்வி வாரிசுகளான எங்களை நோக்கித்தான் முதலில் வரும். இல்லத்துக்கும் நிம்மதி இல்லை. பதிவு காலாவதியான வண்டியை வைத்துக்கொண்டு சரியான இன்சூரன்ஸ் எடுக்க முடியாது. உள்ளே உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற முதியவர்களுக்கும் எந்தப் பாதுகாப்பும் இருக்காது. பெரியவர் வேண்டாம் என்றது எங்களையும் சேர்த்துக் காப்பாற்றத்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

தொலைந்தது காகிதம் மட்டும்தான்

ஆர்.சி. தொலைந்தால் வண்டியின் அடையாளமே போய்விட்டது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அந்தப் பதிவு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், 'வாகன்' எனும் தேசிய தரவுத்தளத்திலும் இருக்கிறது. பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டாலே பதிவு நாள், எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் நிலை எல்லாம் வந்துவிடும். ஓனர் பெயரை மட்டும் பாதி மறைத்துக் காட்டும். மிகப் பழைய வண்டி கணினியில் ஏறாமல் இருந்தால், ஆபீஸில் கேட்டுப் பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றச் சொல்ல வேண்டும்.

நகல் வாங்கும் முறை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 53ஆம் விதியில் இருக்கிறது. போலீஸில் தெரிவிக்க வேண்டும், பதிவு அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், படிவம் 26இல் விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாடு போலீஸின் இணையச் சேவையில், தொலைந்த ஆவணங்களுக்கென்றே புகார் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. ஆர்.சி.யும் அதில் வரும். விண்ணப்பத்தில் சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் தேவைப்படும். ஆர்.சி. கையில் இல்லாதவர்கள் பழைய இன்சூரன்ஸ் பாலிசியைப் பாருங்கள், இரண்டும் அதில் அச்சாகியிருக்கும்.

உரிமையாளர் உயிரோடு இருந்து, வேறு சிக்கல் இல்லாவிட்டால் இவ்வளவுதான் வேலை. எங்களுக்கு மேலும் மூன்று முடிச்சுகள் இருந்தன. இந்தக் காலத்தில் அப்பா பெயரில் வண்டி நிற்கும் பல வீடுகளிலும் இதே முடிச்சுகள் இருக்கும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

*ஒன்று, உரிமையாளர் இறந்துவிட்டார்.* விதி 56 இதற்கானது. இறந்த 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்தால், வண்டியை வைத்திருக்கும் வாரிசு மூன்று மாதம் வரை ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். துக்க வீட்டில் யாருக்கு இது ஞாபகம் வரும்? எங்களுக்கும் வரவில்லை, இரண்டு கெடுவும் தாண்டிவிட்டது. இறப்புச் சான்றிதழ், இ-சேவை மையம் மூலம் தாசில்தாரிடம் வாங்கிய வாரிசுச் சான்றிதழ், "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று நானும் அக்காவும் எழுதிக் கொடுத்த கடிதம் எல்லாம் சேர்த்து, அம்மா பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தோம். இன்னொன்று: 2021 முதல் வண்டி ஓனர் உயிரோடு இருக்கும்போதே ஆர்.சி.யில் நாமினி பெயர் சேர்க்கலாம். வங்கிக் கணக்குக்குச் செய்வதை வண்டிக்கும் செய்து வையுங்கள்.

*இரண்டு, ஹெச்.பி.* அப்பா வண்டியைக் கடனில் வாங்கி, கடைசித் தவணைவரை கட்டி முடித்துவிட்டார். ஆனால் ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரை நீக்கவே இல்லை. கடன் கட்டி முடித்தாலும் அது தானாக நீங்காது. நிறுவனம் தரும் என்.ஓ.சி.யும் படிவம் 35உம் கொடுத்து நாம்தான் நீக்க வேண்டும். நிறுவனத்தின் உள்ளூர்க் கிளையை எப்போதோ மூடிவிட்டார்கள். அந்தக் கடிதம் வரத்தான் எல்லாவற்றிலும் அதிக நாள் ஆனது. உங்கள் வண்டியின் பதிவில் ஹெச்.பி. இன்னும் நிற்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

*மூன்று, 15 வருடம் தாண்டியது.* சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுதான் செல்லும். எங்களுடையது 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. புதுப்பிக்கப் படிவம் 25, வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து புதுப்பிக்கும் கட்டணம் காருக்கு 5,000 ரூபாய், தாமதமானால் மாதத்துக்கு 500 வீதம் கூடுதல். எங்களுக்கு 17 மாதத் தாமதம் என்பதால் அது மட்டுமே 8,500. 20 ஆண்டு தாண்டிய கார் என்றால் கட்டணம் இன்னும் அதிகம்.

விற்றுப் பணமாகக் கொடுத்தால்?

கணக்குப் போட்ட அக்கா கேட்ட கேள்வி இது. இவ்வளவு செலவழித்துக் கொடுக்கும் வண்டியை விற்றுப் பணமாகவே கொடுத்துவிட்டால் என்ன?

வரிக் கண்ணோட்டத்தில் அக்கா சொன்னதுதான் சரி. 80ஜி சலுகை பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான். அரிசி, துணி, கார் எதைப் பொருளாகக் கொடுத்தாலும் கழிவு கிடையாது. பணத்திலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் போனால் கிடையாது. காரை விற்று, காசை வங்கி வழியாக அனுப்பினால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குச் சலுகை உண்டு. அமெரிக்காவிலும் கொடுக்கும் கார்களில் பெரும்பாலானவை ஏலத்துக்குத்தான் போகின்றன. அங்கே 2005 முதல், பெரும்பாலும் ஏலத்தில் வந்த தொகைக்கு மட்டுமே வரிக்கழிவு.

ஆகவே கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்: அவர்களுக்கு வேண்டியது வண்டியா, பணமா? பெட்ரோலுக்கும் டிரைவர் சம்பளத்துக்கும் வழியில்லாத இடத்தில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினால், புளியமரம் மாறுமே தவிர வேறொன்றும் மாறாது. நான் மறுபடி போய்க் கேட்டபோது பெரியவர் சொன்னார்: "வாரத்துக்கு மூணு நாள் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கிறோம் தம்பி. வண்டிதான் வேணும்." அதனால்தான் மேலே சொன்ன அத்தனை படிவங்களும்.

ஓடும் நிலையில் இல்லாத வண்டி என்றால் வழி வேறு. காயலாங்கடையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. வண்டி உடைந்தாலும் பதிவு உயிரோடு இருக்கும். அந்த நம்பரும் சேசிஸ் தகடும் வேறொரு திருட்டு வண்டியில் ஏறினால் கேள்வி உங்களுக்குத்தான். 2021இல் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அவர்கள் வாகன் பதிவையும் திருட்டு வண்டிப் பட்டியலையும் சரிபார்த்து, வண்டியை ஒப்படைத்ததற்கும் அழித்ததற்கும் சான்றிதழ் தருவார்கள். பதிவையும் ரத்து செய்துவிட்டு, கிடைத்த பணத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

கடைசிக் கையெழுத்து

2025 பிப்ரவரியில் ஆர்.சி. அம்மா பெயரில் வந்தது. அதை வாங்கிய பிறகுதான் உண்மையான தானமே தொடங்கியது. கொடுப்பவர் படிவம் 29, கொடுப்பவரும் பெறுபவரும் சேர்ந்து படிவம் 30. ஒரே மாநிலத்துக்குள் என்றால் கொடுப்பவர் 14 நாளிலும் பெறுபவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும். இல்லத்தின் தரப்பில் டிரஸ்ட் பத்திரம், பான் கார்டு, வண்டியை ஏற்றுக்கொள்வதாக அறங்காவலர்கள் போட்ட தீர்மானம் எல்லாம் கொடுத்தார்கள். இன்சூரன்ஸையும் அவர்கள் பெயருக்கு மாற்றினார்கள். பெயர் மாறும்வரை சாவியை நானே வைத்திருந்தேன்.

அம்மா படிவம் 29இல் கையெழுத்துப் போடும்போது, "எனக்குன்னு ஒரு காரு மூணு வாரம் இருந்துச்சு" என்று சிரித்தார்.

சில நாள் கழித்து எம்-பரிவாகனில் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே தெரிந்த எழுத்துகள் அம்மாவுடையதும் இல்லை, அப்பாவுடையதும் இல்லை. அன்று சாயங்காலமே சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன்.