ஒற்றைத் தலைவலியும் உணவு ஒழுங்கும்: ஒரு வியாபாரியின் பேரேடு சொன்ன பாடம்

நான் மருத்துவன் அல்லன். கொப்பரையும் வெல்லமும் வாங்கி விற்கிற வியாபாரி. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, 1986-இல் பிழைப்புக்காகப் பொள்ளாச்சி வழியாகக் கோபாலபுரம் வந்து சேர்ந்தேன். இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழிலும் பாதிப் பேர் மலையாளத்திலும் விலை பேசுவார்கள். நாற்பதாண்டு வாழ்க்கையில் இந்த எல்லை எனக்கு எவ்வளவோ கொடுத்தது. கூடவே வந்த தலைவலியை மட்டும் நான் பிறந்த ஊரிலிருந்தே கொண்டுவந்தேன்.

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "வழக்கம்போல நீதி நூல்களைப் பற்றி எழுதுங்களேன்" என்றார்கள் சங்கத்து நண்பர்கள். இந்த முறை தலைவலியைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் சிரித்தார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கர்நாடகத்தில் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கு 2015-இல் வெளியானது. ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி கண்டவர்கள் 100-க்கு 25 பேர். இதை வாசிக்கிற குடும்பங்களில் எத்தனை பேர் இருட்டறையில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பெயரும் நோயும்

தமிழில் ஒற்றைத் தலைவலி என்கிறோம். எங்கள் ஊர் மலையாளிகள் சென்னிக்குத்து என்றும் கொடிஞ்ஞி என்றும் சொல்வார்கள். சென்னி என்றால் இங்கே நெற்றிப்பொட்டு. வடமொழி மருத்துவ நூல்கள் இதை அர்த்தாவபேதகம் என்கின்றன. தலையில் பாதியைப் பிளப்பது என்று பொருள். கிரேக்க மொழியிலும் 'பாதித் தலை' என்பதே பெயர். அது மருவித்தான் மைக்ரேன் ஆயிற்று. மூன்று நாட்டாரும் ஒரே வலியைப் பார்த்து ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள்.

சரக சம்ஹிதை இந்த நோய்க்குக் காரணங்களை அடுக்குகிறது: வறண்ட உணவு, முன் உண்டது செரிக்கும் முன்னே மேலும் உண்பது, கீழைக்காற்று, பனி, இயற்கை வேகங்களை அடக்குவது, அளவு மீறிய உழைப்பு. கீழைக்காற்று என்ற இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து வறண்ட காற்று அடிப்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த இரண்டு மாதமும் என் தலை என் வசத்தில் இருந்ததில்லை.

இந்நாளைய மருத்துவம் சொல்வது இது. முன்பு தலையின் இரத்தக்குழாய்கள் விரிவதே நோய் என்று நினைத்தார்கள். இப்போது மூளையும், முகத்துக்கும் தலைக்கும் உணர்ச்சி தருகிற முந்நரம்பும் சேர்ந்து எழுப்புகிற வலி என்கிறார்கள். இது பெரும்பாலும் குடும்பவழி வருவது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இந்த மூளைக்கு மாற்றம் பிடிக்காது. தூக்கம், உணவு, வெயில், கவலை எதுவானாலும் திடீரென்று கூடினாலோ குறைந்தாலோ கோபித்துக்கொள்ளும்.

கடையில் விழுந்த நாள்

2011 செப்டம்பர். தசலட்சண பர்வத்தின் கடைசி நாளான அனந்த சதுர்த்தசி. எங்கள் வீட்டில் அன்று முழு உபவாசம். காலையில் பாலக்காடு ஜைனிமேட்டுக் கோயிலில் சந்திரநாதரைத் தரிசித்துவிட்டு மதியம் கடைக்குத் திரும்பினேன். கண்ணுக்கு முன்னால் மின்னல்போல் வளைந்து வளைந்து ஒரு கோடு. அரைமணியில் இடப்பக்கப் பொட்டில் சம்மட்டி அடி. கொப்பரை மூட்டைமேல் சாய்ந்தவன் அப்படியே விழுந்துவிட்டேன். லாரி டிரைவர்தான் தூக்கினார். "ஏனுங் முதலாளி, இப்படிப் பட்டினி கிடந்தா உடம்பு தாங்குமுங்களா?" என்றார். அப்போது அவர்மேல் கோபம் வந்தது. விரதத்தைப் பழிக்கிறாரே என்று.

கோயமுத்தூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, "மாதத்துல எத்தனை நாள் வலி மாத்திரை போடறீங்க?" என்பதுதான். கணக்கு வைத்தவனா நான்? யோசித்துப் பார்த்தால் ஒன்றுவிட்டு ஒருநாள். "மாத்திரையே உங்களுக்குத் தலைவலி தருது" என்றார். சாதாரண வலிமாத்திரை மாதத்தில் 15 நாளும், கலவை மாத்திரை 10 நாளும் என்று மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், மருந்தே தலைவலியாகத் திரும்பும் என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. அவர் சொன்னபடி நிறுத்தினேன். முதல் இரண்டு வாரம் நரகம். பிறகு மாதம் 14, 15 என்றிருந்தது ஆறு ஏழாகக் குறைந்தது. "இனிமே மீதியை நீங்கதான் கண்டுபிடிக்கணும். எழுதி வையுங்க" என்று அனுப்பிவிட்டார்.

பேரேடு

எழுதுவது என் தொழில். சிட்டையில் வரவு, பற்று எழுதுகிற கையால் தூங்கிய நேரம், விழித்த நேரம், ஒவ்வொரு வேளை சாப்பிட்ட மணி, சாப்பிட்டது என்ன, காப்பி எத்தனை, வலி வந்ததா என்று மூன்று மாதம் எழுதினேன். 92 நாளில் 19 நாள் வலி. பிரித்துப் பார்த்தேன். உபவாச நாள் அல்லது உணவு தள்ளிப்போன நாள் 11. காப்பி தவறிய நாள் 5. சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு 2. காரணம் தெரியாதது 1.

தலைமுழுக்கு என்றால் நம்புவார்களோ என்று சந்தேகப்பட்டேன். பிற்பாடு படித்தேன், மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர் தலைக்குக் குளித்ததால் ஒற்றைத் தலைவலி வந்த 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006-இல் எழுதியிருக்கிறார். மேல்நாட்டுப் பட்டியல்களில் இல்லாத காரணம் இது. நம் வீட்டுப் பெண்கள் "தலைக்கு ஊத்திக்கிட்டா எனக்கு மண்டையிடி வரும்" என்று சொல்லும்போது சாக்கு என்று நினைக்காதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. நெடுநாளாக நான் வெல்லத்தைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தேன். வெல்லம் தின்றால் மறுநாள் வலி. பேரேட்டை உற்றுப் பார்த்தால், அந்த நாட்களில் எல்லாம் முதலில் கொட்டாவி, பிறகு எரிச்சல், பிறகு இனிப்பு ஆசை, பிறகு வலி. வலி தொடங்குவதற்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ முன்பே மூளையில் நோய் ஆரம்பித்துவிடுகிறது. இனிப்பு ஆசை அதன் அடையாளம். சாக்லேட் மீதான பழியிலும் பாதி இப்படிப்பட்டதே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே ஒரு நாள் கண்டதை வைத்து ஓர் உணவைத் தள்ளிவைக்கக் கூடாது. பலமுறை பார்த்துத்தான் தீர்ப்பு.

விரதமும் தலையும்

இனி என்னை உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். 11 நாள் என்ற எண் என்னைத் தூங்கவிடவில்லை. நாங்கள் இருட்டிய பிறகு உண்பதில்லை. அட்டமி, சதுர்த்தசியில் நோன்பு. இதுவே நோயைத் தருகிறது என்றால் நான் எதை விடுவது?

யூதர்கள் ஆண்டுக்கொருமுறை யோம் கிப்பூர் நாளில் ஒருநாள் முழுதும் தண்ணீரும் இன்றி நோன்பிருப்பார்கள். இஸ்ரேலில் ஒரு மருத்துவமனை ஊழியர்களிடம் கேட்டு 1995-இல் வெளியிட்டார்கள். நோன்பிருந்தவர்களில் 100-க்கு 39 பேருக்குத் தலைவலி. இல்லாதவர்களில் 7 பேருக்கு மட்டுமே. வழக்கமாகவே தலைவலி உள்ளவர்களுக்கு இது இன்னும் அதிகம். ரமலான் முதல் நாள் தலைவலியும் மருத்துவ நூல்களில் உண்டு. ஆக இது ஒரு சமயத்தின் குறை அல்ல, வயிற்றுக்கும் மூளைக்கும் உள்ள கணக்கு.

என் தினசரிக் கணக்கைப் பார்த்தேன். மாலை 5.30-க்கு உணவு. காலையில் வெறும் காப்பி. பூஜை, கடை திறப்பு, சரக்கு இறக்குதல் எல்லாம் முடிந்து 9.30-க்குப் பலகாரம். நடுவே 16 மணி நேரம்! நோன்பில்லாத நாளிலும் நான் அரை நோன்பு இருந்திருக்கிறேன். குற்றம் மாலை விரதத்தில் இல்லை, காலைச் சோம்பலில் இருக்கிறது. சூரியன் உதித்து இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், கழிந்தால் உண்ணலாம் என்பது எங்கள் மரபு. காலை 7.15-க்குச் சாப்பிட ஆரம்பித்தேன். இடைவெளி 14 மணிக்கும் கீழே வந்தது. விரதம் இம்மியும் குறையவில்லை.

முழு உபவாசந்தான் மனதைப் பிசைந்தது. அப்போது என் தாயார் இருந்தார். "விரதத்தை விட்டுட்டியாப்பா?" என்று ஒருநாள் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கேட்டதைத் தாங்க முடியவில்லை. நூல்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புறத்தவம் ஆறு என்கிறது எங்கள் ஆகமம். உண்ணாமை அதில் ஒன்றே. குறைத்து உண்பது ஒன்று. சுவைகளைத் துறப்பது ஒன்று; அதற்கு இரசபரித்தியாகம் என்று பெயர். பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு இவற்றில் ஆசைப்பட்டதை விடுவது. அதோடு, தீர்த்தங்கர நிலைக்கு ஏதுவாகிற பதினாறு பாவனைகளில் ஒன்று 'சக்திக்கேற்ற தவம்'. உடம்பு தாங்குகிற அளவே தவம் என்று முன்னோர் எழுதியே வைத்திருக்கிறார்கள். நான்தான் வீம்பைத் தவம் என்று நினைத்தேன்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இப்போதும் நோன்பு நாளில் மூன்று வேளை, உப்பும் இனிப்பும் நெய்யும் இல்லாத கஞ்சி, வெயில் இருக்கும்போதே. "பட்டினியைவிட இது கஷ்டம்டா கண்ணு" என்றார். அதுவும் சரிதான்!

சமணப் புலவர்கள் நீதி நூல்களுக்கு மருந்தின் பெயரையே வைத்தவர்கள். கணிமேதாவியாரின் ஏலாதிக்கு ஏலம் முதலான ஆறு சரக்கு. காரியாசானின் சிறுபஞ்சமூலத்துக்கு ஐந்து வேர். உடம்புக்கும் உயிருக்கும் மருந்து ஒரே கடையில் கிடைக்கும் என்ற எண்ணம் அது.

காப்பியும் பிறவும்

காப்பி இருமுனைக் கத்தி. வலி வந்தபோது கொஞ்சம் உதவும். தினமும் நான்கு தம்ளர் குடிக்கிறவன் ஒருநாள் நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். நோன்பு நாளில் எனக்கு அடி இரட்டை: சோறும் இல்லை, காப்பியும் இல்லை. வாரத்துக்கு அரைத் தம்ளர் வீதம் குறைத்து, இப்போது காலையில் ஒன்று, அதுவும் நேரம் தவறாமல். ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுந்து தலைவலியோடு உட்கார்பவர்கள் தங்கள் காப்பி நேரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்.

பாலாடைக்கட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள். நாள்பட வைத்துப் பழுத்த மேல்நாட்டுக் கட்டிகளில் டைரமீன் என்ற பொருள் சேர்கிறது. சிலருக்கு அது ஆகாது. அன்றன்று திரிக்கிற பன்னீர் அப்படியல்ல. அஜினோமோட்டோவைப் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. தனக்கு ஆகவில்லை என்று கண்டவர் விட்டுவிட்டால் நட்டமில்லை.

2021-இல் அமெரிக்காவில் 182 பேரை 16 வாரம் வைத்துச் சோதித்தார்கள். மீன்வகைக் கொழுப்பைக் கூட்டி, சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களில் மிகுந்த லினோலியிக் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு, வழக்கமான உணவு உண்டவர்களைவிட மாதத்துக்குச் சுமார் 4 வலிநாள் குறைந்தது. மீன் உண்பவர்களுக்கு நல்ல செய்தி. எங்களைப் போன்றவர்கள் ஆளி விதையை நாடலாம். ஆனால் அதிலுள்ள கொழுப்பு வேறு வகை, உடம்பு அதைச் சிறிதளவே மாற்றிக்கொள்ளும். அதே பலன் வரும் என்று நான் சொல்லமாட்டேன். பி2 உயிர்ச்சத்து நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கொடுத்தபோது பலன் கிடைத்ததாக 1998-இல் வந்த ஆய்வும் உண்டு. அந்த அளவு சாப்பாட்டில் கிடைக்காது. மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

வாசகர்களுக்குச் சில

1. மூன்று மாதம் எழுதுங்கள். எழுதாமல் எதையும் விலக்காதீர்கள். பட்டியலைப் பார்த்துப் பத்து உணவை ஒரேயடியாக விட்டால் உடம்பு மெலியும், வலி அப்படியே இருக்கும்.
2. ஒவ்வொரு வேளையும் ஒரே நேரத்தில். பள்ளிக்குப் போகிற பிள்ளை காலைச் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது.
3. மாலை உணவில் வெறும் அரிசி வேண்டாம். கேழ்வரகு, சாமை, பயறு, கடலை சேர்ந்தால் பசி மெதுவாக வரும்.
4. தண்ணீர் தாகம் எடுக்கும் முன்பே. லாரிக்காகவும் ரயிலுக்காகவும் காத்திருக்கும் நாளில் பையில் இரண்டு வாழைப்பழம், ஒரு பாட்டில் தண்ணீர்.
5. விலக்கினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், நான்கு வாரத்துக்கு. குறையாவிட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.
6. சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் உணவை மாற்றக் கூடாது.
7. இடிபோல் திடீரென்று வந்த கடும்வலி, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குளறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஐம்பது வயதுக்குமேல் புதிதாய் வந்த தலைவலி: இவற்றுக்கு உணவு மருந்தல்ல. உடனே மருத்துவமனை.

எனக்கு இப்போது மாதம் ஒன்றோ இரண்டோ வருகிறது. அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். அதைச் சொல்ல என் சமயம் அனுமதிக்காது.

இதை எழுதக் காரணம் என் மகள். பெங்களூரில் இருக்கிறாள். என் கடையும் நிலமும் அவளுக்கு வேண்டாமாம். தலைவலி மட்டும் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டது. போன பர்வத்தில் போன் செய்து, "அப்பா, ரெண்டு நாளா வலி. ஆனா உபவாசத்தை எப்படி விடறது?" என்று அழுதாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே எல்லோருக்கும் எழுதினேன். "கஞ்சி குடிம்மா. உப்பில்லாம குடி. பாட்டி அதைத்தான் பெரிய தவம்னு சொன்னாங்க."

மறுநாள் அவளே கூப்பிட்டாள். ஒரு நோட்டு வாங்கியிருக்கிறாளாம்.