உணவுக்கு ஒரு நுண்காவலன்



கோடைக்காலத்தில் ஒரு கூடை மாம்பழம் வீட்டுக்கு வருகிறது. முதல் நாள் பிள்ளைகள் ஆசையோடு உண்கின்றனர். மூன்றாம் நாள் தோலில் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. ஐந்தாம் நாள் கூடையின் அடியில் இருந்தவை அழுகிக் குப்பைக்குப் போகின்றன. இது ஒரு வீட்டுக் கதையன்று. 2022-ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் 60 விழுக்காடு வீடுகளிலேயே வீணானது என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் அறிவித்தது. வீண்விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டிய கணக்கு இது.

உணவைக் கெடுப்பவற்றுள் முக்கியமானவை காற்று, ஈரம், கிருமி ஆகிய மூன்றும். இதனை நம் மூத்த தலைமுறைப் பெண்மணிகள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். இறைச்சியை உப்பிட்டு வெயிலில் உலர்த்தி உப்புக்கண்டமாக்கினர். எலுமிச்சையை உப்பிலும் எண்ணெயிலும் ஊறவைத்து ஜாடியின் வாயைத் துணியால் கட்டினர். இன்று அதே மூன்று பகைவர்களைத் தடுக்க விஞ்ஞானிகள் கையாளும் புதிய முறையே நானோ தொழில்நுட்பம்.

நானோ என்பது யாது?

ஒரு மீட்டரை 100 கோடி பங்குகளாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமயிர் ஒன்றின் பருமனே ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர் வரை இருக்கும். இவ்வளவு சிறிய அளவில் பொருள்களைக் கையாள முடியும் என்று அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்டு ஃபெயின்மன் 1959-இல் ஓர் உரையில் எடுத்துரைத்தார். அதற்கு 'நானோ தொழில்நுட்பம்' என்ற பெயரை 1974-இல் வழங்கியவர் ஜப்பானியப் பேராசிரியர் நோரியோ தானிகுச்சி.

இது நம் வீட்டுக்கு வெகு தொலைவில் இருப்பதன்று. பிள்ளைகள் தின்னும் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தின் உட்புறம் வெள்ளி போல் மின்னுகிறதல்லவா? பெரும்பாலான பொட்டலங்களில் அது தனித் தகடன்று. காற்றில்லாத அறையில் அலுமினியத்தை ஆவியாக்கிப் பிளாஸ்டிக் தாள்மீது படியவைத்த பூச்சு. அதன் கனம் சில பத்து நானோமீட்டர்களே. ஈரத்தையும் காற்றையும் தடுத்து வறுவல் நமுத்துப் போகாமல் காப்பது அந்த மெல்லிய பூச்சுதான்.

களிமண்ணும் இப்பணிக்குப் பயன்படுகிறது. பிளாஸ்டிக்கின் ஊடே காற்று மெல்ல மெல்ல நுழையக்கூடியது. ஒருவகைக் களிமண்ணை ஒரு நானோமீட்டர் கனமுள்ள ஏடுகளாகப் பிரித்துப் பிளாஸ்டிக்கினுள் பரப்பினால், காற்று நேரே செல்ல இயலாமல் சந்து சந்தாகச் சுற்றி வர நேரிடுகிறது. அதனால் உள்ளிருக்கும் உணவு கூடுதல் நாட்கள் கெடாதிருக்கிறது.

கோவையில் ஒரு முயற்சி

கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம், இலங்கையின் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் ஆகியவை கனடா அரசின் உதவியுடன் 2012 முதல் கூட்டாக ஓர் ஆய்வை மேற்கொண்டன. பழங்கள் விரைவில் அழுகுவதைத் தடுப்பதே அதன் நோக்கம்.

பழம் பழுத்து முதிரும்போது அதிலுள்ள ஒரு நொதி, பழத்தின் உயிரணுச் சவ்வுகளைச் சிதைக்கிறது. 'ஹெக்சனால்' என்னும் பொருள் அந்த நொதியை அடக்கி வைக்கிறது. அது தாவரங்களில் இயற்கையாகவே உண்டாவது. புல்லை வெட்டும்போது எழும் பச்சை வாசனையில் அதற்கும் பங்குண்டு. ஆனால் அது எளிதில் ஆவியாகிவிடும். ஆகவே அதனை நானோ இழைகளில் ஏற்றி, பழப்பெட்டிக்குள் சிறிது சிறிதாக வெளிப்படும்படி செய்தனர். அறுவடைக்கு முன் மரத்தில் தெளிக்கும் கரைசலும், ஹெக்சனால் ஏற்றிய வாழைநார்ப் பெட்டியும் இவ்வாய்வில் உருவாயின. காய் மரத்திலேயே கூடுதல் நாட்கள் தங்குமானால், விலை சரிந்த வாரத்தில் விற்றே தீரவேண்டிய நிர்ப்பந்தம் விவசாயிக்கு இராது.

மறுபுறம், காயைக் கார்பைடு கல் வைத்து அவசரமாகப் பழுக்க வைப்போரும் உள்ளனர். அது நம் நாட்டில் சட்டப்படி தடை செய்யப்பட்டது என்பதை நினைவில் கொள்க.

கேட்க வேண்டிய கேள்வி

அப்படியானால் நானோ என்ற பெயருடன் வருவதையெல்லாம் வரவேற்கலாமா? கூடாது. சிறியது என்பதே அதன் பலம். சிறியது என்பதே அதன் ஆபத்தும் ஆகலாம். பெரிய துகள் நுழைய முடியாத இடத்தில் நுண்துகள் நுழையக்கூடும். எனவே நாம் கேட்கவேண்டியது ஒன்றே: அது உறையிலேயே தங்குகிறதா, உணவோடு கலந்து நம் வயிற்றுக்குள் வருகிறதா?

பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்க்கப்படும் டைட்டானியம் நைட்ரைடு என்ற நுண்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் அளவு விதித்து அனுமதித்துள்ளது. காரணம், அது உணவுக்குள் கசிவதில்லை என்று சோதனையில் கண்டதே. ஆனால் மிட்டாய்க்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடை 2022-இல் அதே ஒன்றியம் உணவில் சேர்க்கத் தடை செய்தது. அதில் ஒரு பகுதி நானோ துகள்கள். அது நேரே வயிற்றுக்குச் செல்வது. கிருமியைக் கொல்லும் நானோ வெள்ளி கலந்ததாக விளம்பரம் செய்யப்பட்ட உணவு டப்பாக்களின் விற்பனையை, முறையான சோதனையும் பதிவும் இல்லையென்று 2014-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நிறுத்தியது.

பழத்தின் மேல் பூசி அதனோடே உண்ணத்தக்க மேற்பூச்சுகளும் ஆய்வில் உள்ளன. அவற்றுள் சில ஜெலட்டினாலும், சில இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானாலும் ஆனவை. ஜெலட்டின் எந்தப் பிராணியினுடையது என்பதும், இறால், நண்டு பற்றி மத்ஹபுகளின் கருத்து ஒன்றல்ல என்பதும் நாம் அறிந்தவை. இவை கடைக்கு வரும்போது மூலப்பொருளை விசாரித்து, உலமாக்களிடம் விளக்கம் பெறுவது நம் பொறுப்பு.

இல்லத்தில் செய்யத்தக்கவை

உறையிலுள்ளது உணவில் இறங்குமா என்ற கேள்வி நானோவுக்கு மட்டும் உரியதன்று. செய்தித்தாளில் மடித்துத் தரும் சூடான சமோசாவில் அச்சுமை ஒட்டுகிறது. இவ்வாறு பொதிவதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிகள் தடை செய்கின்றன. கொதிக்கும் குழம்பைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தவென்றே செய்த டப்பாவை மீண்டும் மீண்டும் கழுவி வைக்காதீர்கள். 'கிருமியைக் கொல்லும்' என்ற விளம்பரச் சொல்லை மட்டும் நம்பி எதையும் வாங்காதீர்கள்.

எத்தகைய உறையும் கெடுவதைத் தள்ளிப்போடுமே தவிர, கெட்டதை மீட்டுத் தராது. தேவைக்கு மேல் வாங்கினால் நானோ பெட்டியிலும் பழம் அழுகவே செய்யும். ஆகவே, அடுத்த முறை கூடை நிறைய மாம்பழம் வந்தால், ஐந்தாம் நாள் வரை காத்திராமல் முதல் நாளிலேயே நான்கு பழங்களை அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்புங்கள்.