படத்துக்கு வெளியே – 9: கஞ்சித் தொட்டியும் கேமராவும்

சென்ற வாரம், அமெரிக்கப் பஞ்சாலைகளில் வேலை பார்த்த பிள்ளைகளை லூயிஸ் ஹைன் எடுத்த படங்களைப் பார்த்தோம். 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஊர் ஊராகச் சுற்றிய அவர், பிள்ளைகளின் பெயரையும் வயதையும் கேட்டு எழுதிவைத்தார். உயரத்தைத் தன் கோட்டுப் பொத்தான்களை வைத்து அளந்தார். அந்தக் குறிப்புகள் சேர்ந்ததால்தான், பரிதாபப்பட்டுவிட்டு நகர முடியாத சாட்சியங்களாக அந்தப் படங்கள் மாறின.

இந்த வாரம் பார்க்கப்போவது பெயர் எழுதப்படாதவர்களின் படங்கள். மூன்றுமே பசியோடும் நிவாரணத்தோடும் தொடர்புடையவை. முதலாவது நம் மண்ணில் எடுத்தது.

முதல் படம்: மதராஸ் மாகாணம், 1876–78

ஒரு குழுப் படம். சிலர் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், சிலர் நிற்கிறார்கள், பிள்ளைகள் முன்னால். கல்யாண வீட்டில் குரூப் போட்டோவுக்கு ஆட்களை நிறுத்துவார்களே, அப்படி ஓர் ஒழுங்கு. ஆனால் நிற்பவர்களின் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். முழங்கால் மூட்டு தொடையைவிடத் தடித்துத் தெரிகிறது. இது ஒற்றைப் படமல்ல. இதே வரிசையில் பல படங்கள் இருக்கின்றன. தாது வருஷப் பஞ்சத்துக்கு நம்மிடம் இருக்கும் முகங்கள் இவைதான்.

எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர், மதராஸ் குதிரைப்படை அதிகாரி. 'இந்திய மக்கள்' என்ற தலைப்பில் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த பெரும் படத்தொகுப்புக்கு முன்பே படம் எடுத்துக் கொடுத்தவர். 1857 கிளர்ச்சி அடங்கிய பிறகு, தான் ஆளுகிற சனங்கள் யார் யார் என்று சாதிவாரியாக, இனவாரியாக அடுக்கிவைத்துப் பார்க்க ஆங்கிலேய ஆட்சிக்குத் தேவை இருந்தது. சாதிக்கு ஒருவரை மாதிரியாக நிறுத்திப் படமெடுத்த அதே கை, பட்டினிக்கும் மாதிரிகளை நிறுத்தியது.

அன்றைய முறையில் படமெடுப்பது பெரிய வேலை. கண்ணாடித் தட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்து, வெளிச்சம் காட்டி, உடனே கழுவியாக வேண்டும். எதிரில் இருப்பவர் சில நொடிகளாவது அசையாமல் இருக்க வேண்டும். நிற்கவே தெம்பில்லாதவர்களை அசையாமல் நிற்க வைத்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கிறது. ஹூப்பர் பின்னாளில் இதற்கும் மேலே போனார். 1886-ல் மாண்டலேயில் ராணுவ அதிகாரியாக இருந்தபோது, கொள்ளைக்காரர்கள் என்று பிடித்தவர்களைச் சுட்டுக் கொல்லும் தருணத்தைப் படம் பிடித்தார். விஷயம் லண்டன் பத்திரிகைக்கும் நாடாளுமன்றத்துக்கும் போய், விசாரணை நடந்து, கண்டனம் பெற்றார்.

ஹூப்பர் மேல் கோபப்படுவது நியாயம்தான். அவரோடு அந்தக் கோபம் நின்றுவிட்டால், பஞ்சத்தை நடத்தியவர்கள் தப்பிவிடுவார்கள். அவர்களில் ஒருவரும் இந்தப் படங்களில் இல்லை.

முதலில் வைஸ்ராய் லிட்டன். தென்னிந்தியாவில் மழை பொய்த்துச் சனங்கள் ஊரை விட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்தவர். அடுத்து ரிச்சர்ட் டெம்பிள். 1873–74-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி இறக்கிச் சாவுகளைத் தடுத்தார். அதற்குப் பாராட்டு கிடைக்கவில்லை, பணத்தை வாரி இறைத்தார் என்ற வசைதான் கிடைத்தது. 1877-ல் அவரை லிட்டன் மதராஸுக்கு அனுப்பியபோது, சிக்கனமே கட்டளையாக இருந்தது. நாள் முழுக்க மண் வெட்டிச் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 450 கிராம் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று டெம்பிள் நிர்ணயித்தார். இந்தக் கூலியில் உயிர் தங்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எழுத்தில் எதிர்த்தார். அளவைக் கூட்டுவதற்கு மாதங்கள் ஆயின. அதுவரை நிவாரண வேலைத்தளங்களிலேயே ஆட்கள் விழுந்து செத்தார்கள். தானிய ஏற்றுமதி மட்டும் நிற்கவில்லை. வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்பது அன்றைய ஆட்சியாளர்களுக்கு வேதவாக்கு.

50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தப்பிப் பிழைத்தவர்களில் பெருங்கூட்டம் ராமேசுவரம் பக்கமாகக் கடல் தாண்டி இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனது. இன்றைய மலையகத் தமிழர் பலரின் முன்னோர் அந்தப் பசியில் கிளம்பியவர்கள்.

ஹூப்பர் எடுத்தது போன்ற படங்களும், அவற்றைப் பார்த்து வரைந்த சித்திரங்களும் இங்கிலாந்தில் பரவின. மக்கள் கலங்கினார்கள். லண்டன் மேயர் தொடங்கிய நிதியில் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணம் உயிர்களைக் காத்தது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் படத்தைப் பார்த்துக் காசு போட்ட லண்டன்வாசிக்கு, வானம் பொய்த்ததால் வாடும் ஏழைகள்தான் தெரிந்தார்கள். தன் நாட்டு அரசு நிர்ணயித்த 450 கிராம் தெரியவில்லை. பசியை மட்டும் காட்டும் படம் பார்ப்பவரைத் தர்மவானாக்கி அனுப்பிவிடுகிறது. பசிக்குக் காரணமானவரும் அந்தத் தர்மவான்கள் வரிசையில் வந்து நின்றுகொள்ள முடிகிறது.

இரண்டாம் படம்: கல்கத்தா, 1943

1877-ன் சாவுகள் ஓர் ஏற்பாட்டைப் பெற்றுத் தந்தன. 1880-ல் பஞ்ச விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. அதை வைத்துப் பஞ்சச் சட்டத் தொகுப்புகள் உருவாயின. எந்த நிலையில் பஞ்சம் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்ததும் யாருக்கு எவ்வளவு வேலை, எவ்வளவு கூலி, உழைக்க முடியாதவருக்கு எங்கே கஞ்சி என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. 1943-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்தபோது அரசு செய்த முதல் கொடுமை, பஞ்சம் என்று அறிவிக்க மறுத்தது. அறிவித்தால் சட்டத் தொகுப்பின்படி சோறு போட வேண்டிவரும்.

1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று கடலோர மாவட்டங்களில் நெல்லையும், பத்துப் பேருக்கு மேல் ஏற்றும் படகுகளையும் அரசு பறித்தது. அக்டோபரில் மிட்னாபூர் பகுதியைப் புயல் அழித்தது. யுத்தச் செலவால் விலை ஏறியது. கிராமத்துக் கூலிகளுக்கும் மீனவர்களுக்கும் அரிசி எட்டாமல் போனது. அவர்கள் கல்கத்தாவுக்கு நடந்தார்கள். சோறு கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து, வீடு வீடாகப் போய் வடித்த கஞ்சித் தண்ணீரைக் கேட்டார்கள்.

அந்த நடைபாதைகளைப் படமெடுத்த இளைஞர் சுனில் ஜானா. ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தவரை, கம்யூனிஸ்ட் கட்சிப் பொதுச்செயலாளர் பி.சி. ஜோஷி பஞ்ச மாவட்டங்களுக்கு அழைத்துப் போனார். கூடவே ஓவியர் சித்தபிரசாத். ஜானாவின் படங்களிலும் எலும்புக்கூடுகள் உண்டு, ஒட்டிய மார்பில் பால் தேடும் பிள்ளை உண்டு. ஆனாலும் ஹூப்பரின் படங்களைப் பார்த்த கண்ணுக்கு வித்தியாசம் உடனே தெரியும். ஜானாவின் மனிதர்கள் தெருவில் இருக்கிறார்கள். கடைக்கு முன்னால், வரிசையில், வண்டி போகும் சாலையோரத்தில் இருக்கிறார்கள். அவர்களைச் சுற்றி ஒரு நகரம் இயங்குகிறது. அந்த நகரத்தில் அரிசி இருக்கிறது, வாங்கத்தான் காசில்லை என்பதைப் படமே சொல்கிறது.

படம் போய்ச் சேர்ந்த இடமும் வேறு. ஜானாவின் படங்கள் கட்சியின் 'மக்கள் யுத்தம்' பத்திரிகையில், யார் பதுக்கினார்கள், அரசு என்ன செய்யவில்லை என்ற செய்திகளோடு வந்தன. சித்தபிரசாத் மிட்னாபூரில் வரைந்த படங்களும் எழுதிய குறிப்புகளும் 'பசித்த வங்காளம்' என்ற சிறு நூலாக வெளிவந்தன. அச்சடித்த 5,000 பிரதிகளையும் அரசு பறித்துக் கொளுத்தியது. தப்பியது ஒன்றோ இரண்டோ. இரக்கம் கேட்கும் படத்தை எந்த அரசும் எரிப்பதில்லை. கணக்குக் கேட்கும் படத்தைத்தான் எரிக்கிறது.

இன்னொரு துணிச்சலையும் சொல்ல வேண்டும். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' அன்று ஆங்கிலேயர்களின் பத்திரிகை. அதன் ஆசிரியர் அயன் ஸ்டீபன்ஸ், யுத்தகாலத் தணிக்கைக்கு நடுவில், 1943 ஆகஸ்ட் 22 அன்று பஞ்சப் படங்களைப் பக்கம் முழுக்க வெளியிட்டார். தொடர்ந்து தலையங்கங்களில் அரசைக் குற்றம் சாட்டினார். டெல்லியும் லண்டனும் இனி மறைக்க முடியாது என்ற நிலை வந்தது. அக்டோபரில் வைஸ்ராயாகப் பொறுப்பேற்ற வேவல் கல்கத்தாவுக்கே போய்ப் பார்த்து, ராணுவத்தை நிவாரணத்தில் இறக்கினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்தப் பஞ்சத்திலும் அதன் பின்னால் வந்த நோய்களிலும் மாண்டவர்கள் 30 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று அமர்த்திய சென் கணக்கிட்டார். அந்தப் பஞ்சத்தைச் சிறுவனாகக் கண்டவர் அவர். சுதந்திரப் பத்திரிகையும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் வராது என்று அவர் பின்னாளில் வாதிட்டதற்குப் பின்னால், ஸ்டீபன்ஸ் வெளியிட்ட அந்தப் பக்கமும் இருக்கிறது.

ஜானா, ஸ்டீபன்ஸ் இருவரையும் நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்தப் படங்களிலும் பெரும்பாலானவர்களுக்குப் பெயர் இல்லை. பசியால் ஊரைவிட்டு வந்தவளுக்கும் ஓர் ஊர் இருந்தது, அவளை அழைக்க ஒரு பெயர் இருந்தது. அதை எழுதியிருந்தால், அவள் பேரப்பிள்ளைகள் இன்று அந்தப் படத்தின் முன்னால் வந்து நின்றிருக்க முடியும்.

மூன்றாம் படம்: சென்னை, மழைக்காலம்

இது ஒரு குறிப்பிட்ட படமல்ல. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் பத்திரிகையிலும் வாட்ஸப்பிலும் வருவது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஐந்தாறு பேர் ஒரே பையைப் பிடித்திருக்கிறார்கள். பையின் மறுமுனையில் ஒரு பெண். அவளையும் கேமராவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கீழே எழுதியிருப்பதில் வட்டச் செயலாளர் வரைக்கும் பெயர் இருக்கும். பை வாங்குகிறவள் வெறும் 'பொதுமக்கள்'. 2015 டிசம்பர் வெள்ளத்தில், தன்னார்வலர்கள் கொண்டுவந்த நிவாரணப் பொருட்களின் மேலேயே ஆளுங்கட்சித் தலைவரின் ஸ்டிக்கரை ஒட்டினார்கள் என்ற புகார் நாடு முழுக்கப் பேசப்பட்டது. கட்சி மாறினாலும் இந்தப் படத்தின் அமைப்பு மாறுவதில்லை. அதனால் இதை ஒரு கட்சியின் குற்றமாகச் சுருக்க எனக்கு விருப்பமில்லை.

ஹூப்பரின் படத்தில் கொடுப்பவர் வெளியே நின்றார். இன்றைய படத்தில் அவர் நடுவில் நிற்கிறார். இரண்டிலும் காணாமல் போவது ஒன்றுதான்: அந்தப் பெண்ணை வரிசையில் கொண்டுவந்து நிறுத்திய காரணம்.

சென்னையில் அந்தக் காரணங்களில் ஒன்றைக் கண்ணால் பார்க்கலாம். பக்கிங்காம் கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் பகுதி, 1877–78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. தாது வருஷத்தில் பசித்த சனங்கள் அரைவயிற்றுக் கூலிக்கு வெட்டிய மண் அது. கால்வாய்க்கு அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வெட்டியவர்கள் யாருடைய பெயரும் எங்கும் இல்லை. ஆந்திரத்திலிருந்து மரக்காணம் வரை 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் இந்தக் கால்வாய், படகு போக்குவரத்து நின்ற பிறகும் சென்னைக்கு ஒரு முக்கிய வடிகாலாக இருந்தது. பறக்கும் ரயிலுக்காகக் கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டார்கள். நிலையங்களையும் அதன் மேலேயே கட்டினார்கள். ஆக்கிரமிப்பும் சாக்கடையும் சேர்ந்து அதன் அகலத்தைத் தின்றன. மயிலாப்பூரில் திருமயிலை நிலையத்தின் கீழே போய் நின்று பாருங்கள். வெள்ளம் வந்தால் இந்தத் தண்ணீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகும் என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது. வடிகாலைக் குறுக்கிய கையெழுத்துகள் எந்த நிவாரணப் படத்திலும் வருவதில்லை.

இந்தத் தொடரைப் படிக்கும் பத்திரிகைக்காரர்களும் படக்காரர்களும் நிறையப் பேர் என்பது எனக்கு வரும் கடிதங்களில் தெரிகிறது. அவர்களிடம் மூன்று வேண்டுகோள். வரிசையில் நிற்பவரைப் படமெடுக்கும் முன் அவர் சம்மதத்தைக் கேளுங்கள்; முகம் காட்ட விரும்பாதவரை விட்டுவிடுங்கள். சம்மதித்தால் அவர் பெயரையும் தெருவையும் கேட்டு, அதையும் அவர் விருப்பப்படியே எழுதுங்கள். ஒரு பை கொடுக்கும் படம் போடுகிற ஒவ்வொரு முறையும், அந்தத் தெருவில் தண்ணீர் ஏன் தேங்கியது என்பதற்கு ஒரு படம் போடுங்கள்: அடைத்த வடிகால், பட்டா போட்ட ஏரி, அனுமதி கொடுத்த உத்தரவின் நகல். படிப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அப்படிப்பட்ட படத்தை யாராவது அனுப்பினால், கொடுப்பவரின் புன்னகையைத் தாண்டி, இந்தப் பெண் ஏன் இங்கே நிற்க வேண்டி வந்தது என்று ஒரு வரி எழுதிப் பதில் அனுப்புங்கள். 1877-ல் லண்டனில் படம் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், டெம்பிளின் தராசு இன்னும் சீக்கிரம் நிமிர்ந்திருக்கும்.

அடுத்த வாரம்: போபால், 1984 டிசம்பர். மண்ணுக்குள் போகும் ஒரு குழந்தையின் முகத்தை ரகு ராயும் பப்லோ பார்த்தலோமியூவும் எடுத்தார்கள். உலகமே பார்த்த அந்த முகத்துக்குப் பிறகும் நீதி ஏன் நகரவில்லை?

(தொடரும்)