காவல் நாயின் உரோமமும் தோலும்

வயற் காவலுக்கும் தோட்டக் காவலுக்குமென வளர்க்கப்படும் நாய்களுட் பல, உரோமம் உதிர்ந்து, தோல் செதிள் செதிளாக வெடித்து, ஓயாது சொறிந்துகொண்டிருப்பதைக் காணலாம். இரவு முழுவதும் சொறியும் நாய் காட்டுப்பன்றி வருவதைக் கவனியாது. இக்குறைக்குப் பெரும்பாலும் காரணமாவன உணவுக் குறைவும், தெள்ளு, உண்ணி முதலியவற்றின் தொல்லையுமேயாம்.

பரிகாரத்தைக் கூறுமுன் ஓர் எச்சரிக்கை அவசியம். பயிருக்குத் தெளித்து எஞ்சிய பீடைநாசினியை நீரிற் கலந்து நாயைக் குளிப்பாட்டும் வழக்கம் சிலரிடத்துண்டு. இதனை ஒருபோதும் செய்தலாகாது. அந்நஞ்சு தோலினூடாக உடலிற் சேரும். நாய் தன்னை நக்கும்போது வாய்வழியாகவும் உட்செல்லும். எச்சில் வடிதல், தசை நடுக்கம், மூச்சுத் திணறல் என்பன தோன்றிச் சில மணி நேரத்துள் நாய் இறத்தலுங் கூடும். அறியாது பூசிவிட்டால், கையுறை அணிந்து சவர்க்காரமும் நிறைந்த நீருங் கொண்டு கழுவி, நஞ்சுப் போத்தலின் சுட்டுத்துண்டுடன் மிருக வைத்தியரிடம் விரைதல் வேண்டும். இயந்திரங்களிலிருந்து கழிக்கப்பட்ட எண்ணெயைச் சொறிக்குப் பூசுவதும் தீங்கே.

இனி உணவு. உரோமம் பெரும்பாலும் புரதத்தால் ஆனது. வளர்ந்த நாயின் உணவில், நீர் நீங்கிய நிறையில் நூற்றுக்கு 18 பங்காவது புரதம் இருத்தல் வேண்டும். அரிசியிலோ ஏறக்குறைய 7 பங்கே உண்டு. ஆகவே வெறுஞ் சோற்றில் வளரும் நாய்க்கு வயிறு நிறையும், உரோமம் செழிக்காது. சோற்றுடன் மீன், முட்டை, இறைச்சிக் கழிவு என்பவற்றுள் ஒன்றை நாள்தோறும் சேர்க்க வேண்டும். கடலுக்கு அண்மையில் உள்ளோர் சூடை, சாளை முதலிய மலிந்த மீன்களை அவித்துக் கொடுக்கலாம்; இவற்றின் கொழுப்பு தோலுக்கு மிக நன்று. குளத்தை அண்டியோருக்கு, 1952 ஆம் ஆண்டில் இந்நாட்டிற் புகுத்தப்பட்ட திலாப்பியா எளிதிற் கிடைக்கும். முள்ளை நீக்கியே கொடுத்தல் வேண்டும். கருவாட்டில் உப்பு மிகையாதலால் அது ஏற்றதன்று. முட்டையை அவித்தே கொடுக்க வேண்டும். பச்சை வெண்கரு, தோலுக்கு வேண்டிய பயற்றின் என்னும் உயிர்ச்சத்தை உடல் பெறவொட்டாது தடுக்கும். தவிட்டுக் கஞ்சியை மட்டும் கொடுத்தால் துத்தநாகச் சத்துக் குறைந்து, கண்ணையும் வாயையும் சுற்றிப் பொருக்கு உண்டாகலாம்.

தோல் வறண்ட நாய்க்கு நல்லெண்ணெய் உதவும். தோலுக்கு இன்றியமையாத லினோலெயிக்கமிலம் அதில் நூற்றுக்கு 40 பங்களவில் உண்டு. தேங்காயெண்ணெயில் 2 பங்களவே உண்டு. 10 கிலோகிராம் நிறையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி போதும். வயிற்றோட்டங் கண்டால் அளவைக் குறைக்க வேண்டும். பயன் தெரிய ஆறு முதல் எட்டு வாரஞ் செல்லும், பொறுமை வேண்டும்.

வெங்காயச் செய்கையாளர் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் நன்று. பச்சையாயினும் கறியிற் சமைத்ததாயினும் வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கும். எஞ்சிய கறிச் சோற்றை நாய்க்கு இடும் வீடுகளில் இது பலரும் அறியாத கேடு. முந்திரிகைப் பழமும் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தெள்ளின் முட்டையும் புழுவும் நாயின் உடலிலன்றி, அது படுக்கும் சாக்கிலும் மணலிலுமே பெரும்பாலும் வாழ்கின்றன. உண்ணி சுவர் வெடிப்புகளில் ஏறி முட்டையிடும்; ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும். ஆகவே சாக்கை வாரந்தோறும் கொதிநீரில் தோய்த்து வெயிலிற் காயவிட்டு, படுக்குமிடத்தைக் கூட்டி, வெடிப்புகளைப் பூசி அடைக்க வேண்டும். இதைச் செய்யாது நாயை மட்டும் கழுவுதல் வீண் வேலை. நாய்க்கென விற்கப்படும் மருந்தை நிறைக்கேற்ற அளவிற் பயன்படுத்தலாம்.

மாதம் ஒருமுறை அல்லது இருமுறை குளிப்பாட்டினாற் போதும். உடை தோய்க்கும் சவர்க்காரம் தோலின் இயற்கை எண்ணெயை அகற்றிவிடும். தும்புத் தூரிகையால் நாள்தோறும் வாரிவிட்டால் உதிர்ந்த உரோமம் நீங்கும். மறைந்திருக்கும் உண்ணியும் கைக்கு அகப்படும்.

நன்கு உண்டும் மெலிந்து, முரசு வெளிறி, உரோமம் மங்கிய நாய்க்குக் கொக்கிப்புழு இருத்தல் கூடும். அதன் குடம்பி ஈர மண்ணிலிருந்து வெறுங்காலுடன் நடப்போரின் தோலிலும் நுழையும். காதோரத்திலும் முழங்கையிலும் தொடங்கிப் பரவும் சொறியும் மனிதருக்குத் தொற்றக்கூடியது. இவ்விரு நிலைகளிலும் நாயைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கிக் கட்டி, அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்திற் காட்டுதல் வேண்டும்.