ஒரு லட்ச ரூபாய்க் காரும் நுகர்வோர் நம்பிக்கையும்

இன்னும் சந்தைக்கு வராத ஒரு பொருளைப் பற்றி மக்கள் கொள்ளும் எதிர்பார்ப்பும் ஐயமும், அதனைத் தயாரிக்கும் நிறுவனத்தின் மதிப்பை அளந்தறிய உதவுவனவாகும். புனே நகரின் வாகனத் தொழில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆக்குர்டியில் உற்பத்தியான பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு, 1970-களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு. கிடைத்தால் போதும் என்றிருந்த காலத்தில் ஐயத்திற்கு இடமேது? உற்பத்தி பெருகி, தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்குவோருக்குக் கிடைத்த பின்னரே ஐயம் தலைகாட்டியது.

1998-ல் டெல்கோ நிறுவனம் இண்டிகா காரை அறிமுகப்படுத்தியபோது, ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் பணம் செலுத்திப் பதிவு செய்தனர். தொடக்கத்தில் வெளிவந்த வண்டிகளைப் பற்றிப் புகார்கள் எழுந்தன. அவற்றைக் களைந்து 2001-ல் வெளியிடப்பட்ட வி-2 வகையே நன்மதிப்பை மீட்டுத் தந்தது. முதல் வெளியீட்டை வாங்காமல் பொறுத்திருப்பதே அறிவுடைமை என்ற பாடத்தைப் பலர் அப்போது கற்றனர் எனலாம்.

வாக்குறுதியும் விலையும்

மழையில் ஒரே ஸ்கூட்டரில் செல்லும் நால்வர் குடும்பத்திற்குப் பாதுகாப்பான வாகனம் வேண்டும் என்பதே நானோ காரின் தோற்றத்திற்குக் காரணம் என்று திரு. ரத்தன் டாட்டா கூறிவந்தார். 2003-ல் ஒரு லட்ச ரூபாய் என்ற விலை பேச்சுக்கு வந்தது. அன்று மிகச் சிறிய காரும் ஏறக்குறைய இரு மடங்கு விலைக்கே விற்றது. ஆகவே, கதவுகளுக்குப் பதில் திரைகளைத் தொங்கவிட்ட ஆட்டோ ரிக்‌ஷாவாகத்தான் இது இருக்கும் என்று பேசியவர்கள் பலர். போட்டி நிறுவனத்தாரும் நம்பவில்லை. சாலை நெரிசலும் புகையும் பெருகும் என்ற சுற்றுச்சூழல் ஆர்வலரின் கவலையோ வேறு வகையானது. கார் சிறப்பாக அமைந்தால்தான் அக்கவலை உண்மையாகும்!

புனேயிலுள்ள பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் இவ்வடிவமைப்புப் பணியின் பெரும்பகுதி நடைபெற்றது. 624 கன செ.மீ. கொள்ளளவும் இரண்டு சிலிண்டர்களும் உடைய என்ஜின் பின்புறம் பொருத்தப்பட்டது. கண்ணாடி துடைப்பான் ஒன்றே, சக்கரத்திற்கு மூன்றே திருகுகள், பின்கதவு திறவாது. ஒவ்வொரு ரூபாயும் இவ்வாறுதான் மிச்சமாயிற்று. 2008 ஜனவரி 10 அன்று புதுதில்லியில் கார் காட்டப்பட்டபோது, கதவு பற்றிய கேலி அடங்கியது. எனினும், லட்ச ரூபாய் என்பது ஆலை விலையே. வரியும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்தபோது கணக்கு வேறாயிற்று.

பதிவும் பின்னடைவும்

சிங்கூரில் நிலம் தொடர்பாக எழுந்த கிளர்ச்சியால் 2008 அக்டோபரில் நிறுவனம் அங்கிருந்து விலகியது. புதிய ஆலை குஜராத்தின் சானந்தில் அமைக்கப்பட்டு, 2010-ல் இயங்கத் தொடங்கியது. இடைக்காலத்தில் பந்த்நகரில் குறைந்த அளவே உற்பத்தி செய்ய முடிந்தது. ஆயினும், 2009 ஏப்ரலில் சுமார் 2 லட்சம் பேர் பதிவு செய்தனர். குலுக்கல் முறையில் 1 லட்சம் பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆர்வம் இருந்த வேளையில் வண்டி இல்லை. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் தயாரிக்கும் ஆலை வந்த வேளையில் ஆர்வம் தணிந்திருந்தது.

2010-ல் சில நானோ கார்கள் தீப்பற்றியது ஐயத்தை வளர்த்தது. கூடுதல் பாதுகாப்புச் சாதனங்களை இலவசமாகப் பொருத்தித் தர நிறுவனம் முன்வந்தது. அதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. ஸ்கூட்டரிலிருந்து காருக்கு உயரும் குடும்பம், அந்த உயர்வு அயலார் கண்ணில் படவேண்டும் என விரும்புகிறது. 'மிக மலிவான கார்' என்ற பெயர் அவ்விருப்பத்திற்கு எதிரானது. அவ்வாறு விளம்பரப்படுத்தியது தவறு என்று டாட்டாவே பின்னர் ஒப்புக்கொண்டார். திறக்கும் பின்கதவு 2015-ல்தான் வந்தது. 2018 ஜூன் மாதத்தில் உற்பத்தியான நானோ ஒன்றே ஒன்று.

2020 ஜனவரியில் பஜாஜ் நிறுவனம் மின்சாரச் சேத்தக்கை முதலில் புனேயிலும் பெங்களூரிலும் வெளியிட்டது. பதிவுத் தொகை 2,000 ரூபாய்; விலை ஒரு லட்ச ரூபாயில் தொடங்கியது. ஸ்கூட்டருக்குக் காத்திருந்தவரின் பேரன் இம்முறை, மின்கலம் எத்தனை ஆண்டு உழைக்கும், அதை மாற்றும் செலவு எவ்வளவு என்று கேட்டுவிட்டே பணம் கட்டினான்.