பேரேடும் பிட்காயினும்



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி நாலு துணுக்கு இருக்கும். நான் கொஞ்சம் கணக்குப் பேசப் போகிறேன். காரணம் உண்டு. பஸ்ஸில் அரியர் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் இப்போது ‘காயின்’ பற்றிப் பேசுகிறார்கள். “பம்ப் ஆகுதுடா, லெவரேஜ் போடுடா” என்கிறான் ஒருவன். லெவரேஜ்னா என்னடா என்று கேட்டால், “அதெல்லாம் ஆப்பே பாத்துக்கும்” என்கிறான்! பரீட்சைக் கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது?

நான் ஒக்கூர்க்காரன். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பேரேடு என்றால் விளக்க வேண்டியதில்லை. நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் தாண்டிக் கொடுக்கல் வாங்கல் செய்த காலத்தில், யாருக்குப் பற்று, யாருக்கு வரவு என்பதெல்லாம் பேரேட்டில்தான். பிளாக்செயின் என்பதும் ஒரு பேரேடுதான். என்ன வித்தியாசம் என்றால், அதன் நகல் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. ஒருவன் தன் நகலில் ஒரு எண்ணைத் திருத்தினால் மற்ற நகல்கள் காட்டிக் கொடுத்துவிடும். புதுப் பக்கம் சேர்க்கும் வேலைக்குக் கூலியாகப் புதுக் காசு கிடைக்கிறது. அதுதான் ‘மைனிங்’. சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் யாரோ 2008-ல் திட்டத்தை வெளியிட்டார். 2009 ஜனவரி 3-ல் முதல் பக்கம் எழுதப்பட்டது. மொத்தமே 2 கோடியே 10 லட்சம் பிட்காயின்தான். அதற்கு மேல் வராது.

‘வாலட்’ என்றதும் பர்ஸ் என்று நினைத்துக் கொள்கிறோம். காசு பேரேட்டில் இருக்கிறது, வாலட்டில் இருப்பது அதற்கான சாவி மட்டுமே. போன் தொலைந்தாலும் சாவியை மீட்க 12 அல்லது 24 வார்த்தைகள் தருவார்கள். அது ‘சீடு ஃப்ரேஸ்’. கம்பெனி ஆள் என்று சொல்லி யார் கேட்டாலும் அதைச் சொல்லாதீங்க. வீட்டு இரும்புப் பெட்டிச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்போமா?

அடுத்தது சந்தை. ஒரு சாமானுக்கு விற்பவர் 110 ரூபாய் என்கிறார், வாங்குபவர் 100-க்கு மேல் வர மாட்டேன் என்கிறார். அந்த 100 ‘பிட்’, 110 ‘ஆஸ்க்’, நடுவில் நிற்கும் 10 ரூபாய் ‘ஸ்பிரெட்’. ஆள் நடமாட்டம் இல்லாத காயினில் ஸ்பிரெட் பெரிதாக இருக்கும். வாங்கிய கையோடு விற்றாலே நட்டம். “கிடைக்கிற விலைக்கு முடிச்சிடு” என்றால் மார்க்கெட் ஆர்டர். “105-க்கு வந்தால்தான் வாங்குவேன்” என்றால் லிமிட் ஆர்டர். “90-க்கு இறங்கினா வித்துடு” என்றால் ஸ்டாப் லாஸ். ஆனால் விலை தடாலென்று விழும்போது 90-ல் வாங்க ஆள் இல்லாவிட்டால் 85-க்கும் போகலாம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

இப்போது அந்த லெவரேஜுக்கு வருவோம். கையில் 1000 ரூபாய் இருக்கிறது. 10 மடங்கு லெவரேஜ் என்றால் 9000 கடன் சேர்த்து 10,000-க்கு வாங்குகிறீர்கள். விலை 10 சதவீதம் ஏறினால் லாபம் 1000, பணம் இரட்டிப்பு! அதே 10 சதவீதம் இறங்கினால்? உங்கள் 1000 காலி. கடன் கொடுத்தவன் அதுவரைகூடக் காத்திருக்க மாட்டான், கொஞ்சம் முன்னாடியே விற்றுத் தன் பணத்தை எடுத்துக் கொள்வான். இதற்குப் பெயர் ‘லிக்விடேஷன்’. மறுநாள் விலை ஏறினாலும் உங்களுக்கு ஒன்றும் இல்லை. கிரிப்டோவில் ஒரே நாளில் 10 சதவீதம் ஏறி இறங்குவது அதிசயமே இல்லை.

இது எங்கள் ஊர்ப் பக்கம் தெரியாத கதையா என்ன? 1930 வாக்கில் நெல் விலை விழுந்தபோது, பர்மாவில் கடன் வாங்கிய விவசாயிகளின் அடமான நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் 1930-ல் சுமார் 6 சதவீதமாக இருந்த நிலம், 1938-ல் சுமார் 25 சதவீதம் ஆனது. கொடுத்தவர்களுக்காவது லாபமா? பணமாக வர வேண்டியது நிலமாக வந்தது. பின்னாளில் அந்த நிலமும் போயிற்று.

‘பம்ப்’ என்பது விலையைக் கூட்டம் சேர்த்து ஏற்றுவது, ‘டம்ப்’ என்பது ஏற்றியவன் நம் தலையில் விற்றுவிட்டு நகர்வது. டெலிகிராமில் டிப்ஸ் கொடுக்கிற மகான் எப்போதோ வாங்கி வைத்திருப்பார்! ‘ஸ்டேபிள்காயின்’ என்பது டாலர் போன்ற ஒன்றின் விலையோடு கட்டிப்போட்ட காயின். கட்டு அவிழ்ந்ததும் உண்டு. 2022 மே மாதம் டெர்ரா யுஎஸ்டி அப்படித்தான் சரிந்தது.

வரியை மறந்துவிடாதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்தில் 30 சதவீதம், மேல்வரி தனி. ஒரு காயினில் 5000 லாபம், இன்னொன்றில் 5000 நட்டம் என்று வைத்துக் கொள்ளுங்கள். நம் கணக்கில் பூஜ்யம். ஆனால் நட்டத்தைக் கழிக்க விடமாட்டார்கள், 1500 ரூபாய் கட்ட வேண்டும். 2022 ஜூலை 1 முதல் விற்கும் தொகையில் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தமும் உண்டு.

கடைசியாக ஒரு வார்த்தை: ‘கஸ்டடி’. சாவி யாரிடம் என்பதுதான் இதன் பொருள். எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் ‘உங்கள் காயின்’ என்று காட்டினாலும் சாவி பெரும்பாலும் கம்பெனியிடம்தான். 2024 ஜூலை 18-ல் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடு போயின. உடனே எல்லோருடைய கணக்கும் முடக்கப்பட்டது. ஏறத்தாழ 2 லட்ச ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி வாங்கியிருந்த ஒரு பெண்மணி சென்னை உயர் நீதிமன்றம் போனார். திருடு போனது வேறு வகைக் காயின், நட்டத்தை என் தலையில் ஏன் பங்கு போடுகிறீர்கள் என்பது அவர் கேள்வி. 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ செல்லுபடியாகும் நாணயம் அல்ல, ஆனாலும் அது சொத்துதான், ஒருவர் உரிமையாக வைத்திருக்கவும் நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கவும் கூடியது என்று சொல்லி அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார்.

முடக்கியதற்கும் இந்த உத்தரவுக்கும் நடுவே பதினைந்து மாதம். நம்ம கணக்கில் அது இரண்டரை செமஸ்டர்.