தங்கவயல் தூசியும் ஒரு துண்டும்

சுரங்கம் மூடியாகிவிட்டது. ஆனால் அது விட்டுச்சென்ற தூசி, மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் பார்வையை இன்னமும் மறைக்கிறது. தூசியைவிடப் பெரிய எதிரி, அதைத் துடைக்கும் கை.

விடிவதற்கு வெகு நேரம் முன்பே கோலார் தங்கவயலில் மோட்டார் சைக்கிள்கள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப் என்று பல மூலைகளிலிருந்தும் கிளம்பும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் போக்கிடம் ஒன்றுதான்: ரயில் நிலையம். வேலை இருப்பது சுமார் 100 கி.மீ. தள்ளி, பெங்களூரில். இரவு திரும்பி வரும்போது, பகலெல்லாம் வெயிலில் நின்ற வண்டிமேல் சாம்பல் நிறத் தூசி படிந்திருக்கும். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முன்புற விண்ட்ஷீல்டில் 'சரக்'கென்று ஒரு இழுப்பு; ஹெல்மெட் கண்ணாடியில் இன்னொரு இழுப்பு. வண்டி கிளம்பிவிடும்.

அந்த ஒரு இழுப்பில்தான் இருக்கிறது வினை.

மற்ற ஊர்களில் படிவது தெருப் புழுதி. தங்கவயலில் படிவது வேறு ரகம். 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி தொடங்கி, 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் கடையைக் கட்டும்வரை, மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து பாறை மேலே வந்துகொண்டே இருந்தது. அதை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தார்கள். மிஞ்சிய மாவுதான் ஊருக்கு நடுவே மலைபோல நிற்கும் சயனைடு மேடுகள். மொத்தம் 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். சினிமாக்காரர்களுக்கு அது அருமையான லொகேஷன். ஊர்க்காரர்களுக்கோ காற்றடித்தால் சோற்றுத் தட்டுவரை வந்துசேரும் தொல்லை.

இங்கே தங்கம் ஒளிந்திருந்தது வெள்ளைக்கல் எனப்படும் குவார்ட்ஸ் பாறையில். தாதுக்களின் கடினத்தை ஒன்று முதல் பத்துவரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு ஏழு. சாதாரணக் கண்ணாடிக்கு ஐந்தரை. விண்ட்ஷீல்டு பிளாஸ்டிக்குக்கு மூன்று கிடைத்தாலே அதிகம். ஆக, உலர்ந்த துண்டால் துடைக்கும்போது நடப்பது சுத்தமல்ல. உப்புக் காகிதத் தேய்ப்பு.

கீறல் பகலில் உறுத்தாது. ராத்திரியில்தான் அதன் குணம் தெரியும். எதிரே ஒரு லாரியின் ஹெட்லைட் வந்தால் போதும், ஒவ்வொரு கீறலும் ஒளியைச் சிதறடித்து, கண்ணெதிரே வெள்ளைத் திரை விழுந்துவிடும். அந்த ஓரிரு விநாடிகளில் பள்ளமும் தெரியாது, குறுக்கே வரும் மாடும் தெரியாது. ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சட்டம் இருக்கிறது. அதன் கண்ணாடி வழியே எதிரில் வருவது தெரிகிறதா என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்ணுக்குள் போன பிளாஸ்டிக்

'கண்ணாடி' என்று நாம் பழக்கத்தில் சொன்னாலும் இவை கண்ணாடியல்ல. வண்டி விண்ட்ஷீல்டு பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட். ஹெல்மெட்டில் இருப்பது அநேகமாக பாலிகார்பனேட். அக்ரிலிக் 1930-களில் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் விற்பனைக்கு வந்தது. பாலிகார்பனேட் 1953-ல் பிறந்தது. சுத்தியலால் அடித்தாலும் லேசில் உடையாது. ஆனால் சுலபமாகக் கீறல் விழும். அதனால்தான் அதன்மேல் மெல்லிய கடினப் பூச்சு ஒன்றைப் பூசுகிறார்கள்.

அக்ரிலிக்குக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் மூடி உடைந்து அதன் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தைத்தன. கண் அவற்றை ஏற்றுக்கொண்டதைக் கவனித்த லண்டன் கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி, 1949-ல் அதே பிளாஸ்டிக்கால் செய்த லென்ஸைக் கண்புரை நோயாளி ஒருவருக்குப் பொருத்தினார். மதுரையில் 1992-ல் தொடங்கிய ஆரோலாப், அத்தகைய லென்ஸை ஏழைகளுக்கும் எட்டும் விலையில் தயாரித்தது. டாக்டர்கள் அவ்வளவு பதனமாகக் கையாண்ட பொருளைத்தான் நாம் செயின் துடைத்த துணியால் தேய்க்கிறோம்.

முதலில் தண்ணீர்

சரியான முறைக்குச் செலவு அதிகமில்லை, பொறுமைதான் வேண்டும். வண்டியை நிழலில் நிறுத்தி, விண்ட்ஷீல்டு சூடு ஆறட்டும். பிறகு கைபடாமல் தாராளமாகத் தண்ணீரை ஊற்றுங்கள். தூசியில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். ஒட்டிக் காய்ந்த பூச்சிகள் இருந்தால் சுரண்ட வேண்டாம். நனைத்த துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டுவைத்தால் ஊறிக் கழன்றுவிடும்.

அடுத்து, ஒரு குவளைத் தண்ணீரில் சில சொட்டு ஷாம்பு. சுத்தமான பழைய பருத்தி பனியனையோ மைக்ரோஃபைபர் துணியையோ அதில் நனைத்து, அழுத்தாமல் மேலிருந்து கீழாகத் தடவுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். துணி தரையில் விழுந்துவிட்டால் அலசாமல் மறுபடி தொடக்கூடாது. கடைசியில் நல்ல தண்ணீரால் அலசி, ஒற்றி எடுங்கள். போர்வெல் உப்புத் தண்ணீர் வெள்ளைத் திட்டுகளை விட்டுப்போகும். கடைசி அலசலுக்கு ஒரு சொம்பு வடிகட்டிய குடிநீர் போதும்.

செய்யக்கூடாதவைதான் ஏராளம். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஆகியவை பிளாஸ்டிக்கை வெளுக்கவைத்து, சிலந்தி வலைபோல் வெடிப்புகளை உண்டாக்கும். வீட்டு ஜன்னலுக்கு வாங்கும் அமோனியா கலந்த திரவமும் ஆகாது. துணி துவைக்கும் பவுடர், பாத்திரம் தேய்க்கும் நார், சாம்பல் எதுவும் வேண்டாம். பழைய செய்தித்தாள் அசல் கண்ணாடிக்குச் சரி, இதற்குச் சரிப்படாது. பிரேக் ஆயில் ஒரு துளி சிந்தினாலும் உடனே கழுவிவிட வேண்டும். விண்ட்ஷீல்டின் திருகுகளை முழு பலத்தோடு முறுக்குவதும் தப்பு. விரிசல் ஆரம்பிப்பது பெரும்பாலும் அந்தத் துளைகளில்தான். ரப்பர் வாஷர் அவசியம்.

வண்டிக்கு உறை போடுகிறவர்கள் அதன் உட்புறத்தையும் உதறவேண்டும். தூசி அப்பிய உறை காற்றில் படபடத்தால் நாள் முழுக்க அதுவே தேய்த்துக்கொண்டிருக்கும்.

கீறல் விழுந்தபின்?

பற்பசை போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்பது பரவலான வைத்தியம். பூச்சு இல்லாத அக்ரிலிக்கில் மெல்லிய கோடுகள் மங்கலாம். அதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் பாலிஷ் அதைவிட நல்லது. பூச்சு உள்ள பாலிகார்பனேட்டில் இந்த வைத்தியம் பூச்சையே தின்றுவிடும். பிறகு கீறல் இன்னும் வேகமாக விழும். எளிய சோதனை ஒன்று உண்டு. நகத்தால் வருடும்போது கீறலில் நகம் தட்டினால், அல்லது இரவில் எதிர் விளக்கு பூவாணம்போல் சிதறினால், மாற்றிவிடுங்கள். பல ஹெல்மெட்டுகளுக்குக் கண்ணாடி மட்டும் தனியாகக் கிடைக்கிறது. ஹெல்மெட் விலையில் அது ஒரு சிறு பங்குதான். இரவுப் பயணிகளுக்குக் கறுப்புக் கண்ணாடி அறவே கூடாது.

தங்கவயலுக்கு இது இன்னும் சில காலம் தேவைப்படும் பாடம். அந்த 13 மேடுகளை மறுபடி கிளறித் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் தந்தது. கிளறினால் வேலை வரலாம் என்பது ஊரின் எதிர்பார்ப்பு. தூசியும் வரலாம்.

தூசியைப் பற்றி இந்த ஊருக்குப் புதிதாகச் சொல்லித்தரவும் வேண்டியதில்லை. பாறையை உலர்வாகத் துளைத்தபோது பறந்த சிலிக்கா தூசி எத்தனையோ தொழிலாளர்களின் நுரையீரலை அரித்தது. துளையிடும்போது தண்ணீர் பாய்ச்சும் முறை உலகச் சுரங்கங்களுக்கு வந்ததே அதை அடக்கத்தான். உலர்ந்த தூசியோடு மல்லுக்கு நிற்காதே, முதலில் நனை என்பது தாத்தாக்கள் பூமிக்கு அடியில் கற்ற பாடம். பேரன்கள் அதை ரயில் நிலைய வாசலில் நினைத்துக்கொண்டால் போதும். வண்டிப் பெட்டியில் துண்டுக்குப் பதில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கட்டும்.